காய்ச்சல் செய்தி தெருவுக்கு வந்து சேர்கிறதா? சேலம், ஏற்காடு அறிவிப்புச் சேவைகள் ஒரு மதிப்பீடு

டெங்கு, நாய்க்கடி, குடிநீர், தடுப்பூசி என்று எந்தச் செய்தியானாலும் சேலத்தில் அது வீட்டு வாசலுக்கு வர ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. வார்டுக்குள் சுற்றும் ஆட்டோ, வீட்டுக்கு வரும் கொசு ஒழிப்புப் பணியாளர், 104 மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி, தெரு வாட்ஸ்அப் குழு, பிளெக்ஸ் பேனர், மலையில் என்றால் துணை சுகாதார நிலையத்துக் கரும்பலகையும் நர்சம்மாவும். எல்லாவற்றையும் இங்கே ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறோம். செய்தியைக் கேட்டவருக்கு, இன்று சாயங்காலத்துக்குள் தன் வீட்டில் எதை, எவ்வளவு, எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்ததா? "விழிப்புடன் இருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் எந்தச் சேவைக்கும் இதில் மதிப்பெண் கிடையாது.

முதலில் ஆட்டோ. நகரத்தில் இன்றைக்கும் அதிகக் காதுகளை எட்டுவது இதுதான், அதிகம் வீணாவதும் இதுதான். கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஆட்டோ 20 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு ஐந்தரை மீட்டர் கடக்கிறது. வீடுகள் நெருங்கிய தெருவில் ஸ்பீக்கர் பேச்சு தெளிவாகப் புரிவது வரும்போது ஒரு 50 மீட்டர், தாண்டிப் போகும்போது ஒரு 50 மீட்டர். ஆக, வாசலில் நிற்பவர் காதில் விழுவது 18 நொடிதான். பென் டிரைவில் ஓடும் பதிவோ ஒன்றரை நிமிடம். "பொதுமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு" என்பதிலேயே நாலைந்து நொடி கரைந்துவிடும். பிறகு பதவிப் பெயர்கள், பிறகு நோயைப் பற்றிய முன்னுரை. ஒரு வீட்டுக்கு "டெங்கு" என்ற சொல் மட்டும் கேட்கும். நாலு வீடு தள்ளி "ஒத்துழைப்பு தருமாறு" மட்டும் கேட்கும். முகாம் நடக்கும் இடமும் நேரமும் பதிவின் கடைசியில் இருப்பதால் யாருக்கு விழுகிறதோ அவருக்குத்தான் அதிர்ஷ்டம்.

சரிசெய்ய இரண்டு வழிகள். ஒன்று, பதிவை 15 நொடிக்குள் சுருக்கித் திரும்பத் திரும்ப ஓட விடுவது. இப்படி இருந்தால் போதும்: "நம்ம தெருவுல டெங்கு காய்ச்சல் வந்திருக்கு. இன்னைக்கே தொட்டி, டிரம், குடத்தைக் கவுத்துத் தேச்சுக் கழுவுங்க. காய்ச்சல் இருக்கறவங்க நாளைக்குக் காலையில 9 மணிக்கு மாரியம்மன் கோயில் முன்னாடி முகாமுக்கு வாங்க." என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும், எங்கே எப்போது வர வேண்டும், மூன்றும் இதில் இருக்கின்றன. சொல்பவர் பதவி எதுவும் இதில் தேவைப்படவில்லை. இன்னொரு வழி, ஒவ்வொரு தெரு முனையிலும் எஞ்சினை அணைத்து 2 நிமிடம் நின்று சொல்வது. ஓட்டுநருக்கு நேரம் கூடுதலாகும்தான், ஆனால் 10 தெருவில் நின்று சொல்வது 40 தெருவில் ஓடிக்கொண்டே சொல்வதைவிட மேல்.

சத்தத்திலும் ஒரு தப்பு நடக்கிறது. ஆம்ப்ளிபயரை முழுதாகத் திருகினால் இரைச்சல்தான் கூடும், சொல் உடைந்து போகும். முக்கால் அளவில் நிறுத்தி, பேஸைக் குறைத்து டிரெபிளைக் கொஞ்சம் ஏற்றினால் பேச்சு துலக்கமாக வரும். அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி ஓடும் தெருக்களில் எவ்வளவு ஏற்றினாலும் பலன் இல்லை. தறி நிற்கும் சாப்பாட்டு வேளையில்தான் போக வேண்டும். மற்ற தெருக்களுக்குத் தண்ணீர் விடும் நேரத்தை விட்டால் நல்ல நேரம் கிடையாது. வீட்டுக்கு ஒருவராவது குழாயடியில் நிற்பார், பேச்சும் தண்ணீரைப் பற்றியது. விதிப்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பதால் விடியற்காலைத் தண்ணீருக்கு மட்டும் இது ஒத்துவராது. இப்போது நடப்பதுபோலவே நடந்தால் ஆட்டோவுக்கு 5க்கு 2. பதிவைச் சுருக்கினால் தயங்காமல் 4 கொடுக்கலாம்.

உள்ளடக்கத்தில் இன்னொரு பெரிய பழுது: "தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்." மேட்டூரிலிருந்து வரும் தண்ணீரை முறை வைத்து விடும் ஊரில் டிரம்மும் சிமென்ட் தொட்டியும் சின்டெக்ஸும் இல்லாமல் ஒரு குடும்பம் எப்படி நாளை ஓட்டும்? முடியாததைச் சொன்னால் முடிந்ததையும் சேர்த்துக் காதில் வாங்க மாட்டார்கள். சொல்ல வேண்டியது, வாரம் ஒருமுறை காலி செய்து தேய்க்க வேண்டும் என்பது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீருக்குள் முட்டை இடுவதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. அந்த முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே மறுபடி பிடிப்பதில் பயன் இல்லை. தேங்காய் நார் அல்லது பிரஷ்ஷால், நீர்மட்டக் கோடு படிந்திருக்கும் இடத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். கூடவே ஒரு பிடி பிளீச்சிங் பவுடர் இருந்தால் நல்லது. தேய்த்த பிறகு நன்றாக அலசிவிட வேண்டும். முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள் ஆகும், அதனால்தான் வாரம் ஒருமுறை என்கிற கணக்கு. மூடி போட்டால் போதும் என்பதும் பாதி உண்மைதான். வளைந்த தகர மூடியின் இடுக்கு கொசுவுக்குத் தாராளம். பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது அந்த மூடியைவிட நம்பகமானது.

இதையெல்லாம் வாசலில் நின்று காட்டிக்கொடுக்கக் கூடியவர்கள் கொசு ஒழிப்புப் பணியாளர்கள். டார்ச்சும், கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்துப் பாட்டிலுமாக வரும் இவர்களது சேவைதான் இந்தப் பட்டியலிலேயே பிரமாதமானது. சேவையின் பலன் முழுவதும் வீட்டுக்காரர் கதவைத் திறப்பதில் இருக்கிறது. உள்ளே விட்டால் நாம் பார்க்காத இடத்தை அவர்கள் பார்ப்பார்கள்: பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த சாசர், மொட்டை மாடியில் கிடக்கும் டயர், கொல்லையில் மழையில் நனையும் ஆட்டுக்கல் குழி. புழு இருந்தால் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். தலைகீழாகத் தொங்கி, நிழல் பட்டதும் நெளிந்து அடியில் இறங்கும் அந்தப் புழுவை ஒருமுறை கண்ணால் பார்த்த வீட்டில் அடுத்த வாரம் தொட்டி தானாகத் தேய்க்கப்படும். எந்த ஆட்டோவும் இதைச் செய்ய முடியாது.

அவர்கள் சேவையில் சறுக்கும் இடம் ஒன்றுதான்: அபேட் மருந்து எதற்கு என்று விளக்காமல் ஊற்றிவிட்டுப் போவது. காலி செய்ய முடியாத பெரிய தொட்டிக்குத்தான் அந்த மருந்து. 10 லட்சம் பங்கு தண்ணீருக்கு 1 பங்கு மருந்து என்ற அளவுக்குள் இருந்தால் தொட்டித் தண்ணீரைப் புழங்கலாம். விளக்கம் இல்லாததால் அவர்கள் தெருவைத் தாண்டுவதற்குள் சில வீடுகளில் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுகிறார்கள், மருந்தும் சாக்கடையோடு போய்விடுகிறது. குடிக்கிற குடத்தில் ஊற்ற வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு; அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் முடிந்தது. 5க்கு நாலரை.

புகை மருந்து அடிக்கும் வண்டி வந்தால்தான் வேலை நடந்ததாக நம்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. புகை கொல்வது அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டும்தான். தொட்டியில் இருக்கும் புழு அப்படியே இருக்கும், ஒரு வாரத்தில் புதுக் கொசு வந்துவிடும். அதிலும் ஏடிஸ் பகலில் கடிப்பது, வீட்டுக்குள் துணி, கட்டில் அடியில் பதுங்குவது. புகை வண்டி வந்ததும் கதவு ஜன்னலை இழுத்துச் சாத்தினால் புகை தெருவோடு போகும், கொசு வீட்டுக்குள்ளேயே இருக்கும். முன்கூட்டியே நேரம் சொல்லி, சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னால்தான் அதனால் ஏதாவது பலன்.

பிளெக்ஸ் பேனர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்க எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும். பஸ்ஸிலிருந்து படிக்க ஆறேழு சொல்லுக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டும் உள்ள பேனர் அரிது.

இத்தனை வழியிலும் விட்டுப்போகும் ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதைவிட, காய்ச்சல் இறங்கும்போதுதான் அதிகம் வருகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு குறைந்ததும் "பையனுக்கு விட்டிருச்சு" என்று பள்ளிக்கூடம் அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டிய நேரம். விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் ரத்தம், கை கால் சில்லிடுவது, சோர்ந்து கிடப்பது, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆஸ்பிரின், புரூபன், டைக்ளோபினாக் எதுவும் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். டெங்குதானா என்று ரத்தத்தில் பார்க்க, முதல் ஐந்து நாளுக்குள் என்றால் என்எஸ்1 பரிசோதனை, அதற்குப் பிறகு என்றால் ஐஜிஎம் பரிசோதனை. நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும், அதற்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. இந்தப் பத்தியின் சாரத்தை 20 நொடிக் குரல் பதிவாக்கிக் காய்ச்சல் முகாமில் ஓட விடும் வார்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

104 பற்றி. 24 மணி நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழில் பேசலாம். ஒரு குடும்பத்தின் சந்தேகத்துக்கு மிக நல்ல சேவை. ஆனால் கூப்பிடும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: வயது, காய்ச்சல் எத்தனையாவது நாள், கடைசியாக அளந்த சூடு, கடைசியாகச் சிறுநீர் போன நேரம், இதுவரை கொடுத்த மாத்திரையின் பெயர். இது கையில் இல்லாமல் "நல்லா இல்லீங்க" என்று மட்டும் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். மனக் கஷ்டத்துக்குத் தனி எண் உண்டு, 14416. மூச்சுத் திணறல், பாம்புக்கடி, நெஞ்சுவலி என்றால் 104இல் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே 108. உங்கள் தெருவில் இன்று என்ன பரவுகிறது என்ற செய்திக்கு 104ஐ நம்பி இருக்க வேண்டாம், அந்த வேலைக்காக ஏற்பட்ட எண் அல்ல அது.

தெரு வாட்ஸ்அப் குழு சரியாக நடந்தால் ஆட்டோவைவிட வேகம். நடப்பது வேறு. தேதி இல்லாத ஒரு பழைய எச்சரிக்கை ஒவ்வொரு மழைக்கும் மறுபிறவி எடுக்கிறது. குழுவை நடத்துபவர்களுக்கு நாங்கள் சொல்வது: காய்ச்சல் பருவத்துக்கு மட்டும் ஒரு தனிக் குழு, அதில் அட்மின் மட்டும் பதிவிடும் அமைப்பு. ஒவ்வொரு செய்தியின் முதல் வரியிலும் தேதி, தெரு, சொன்னவர் யார் (வார்டு சுகாதார ஆய்வாளர், நர்சம்மா) என்ற மூன்றும். அறுபது சொல்லுக்குள் எழுத்து, கூடவே படிக்கத் தெரியாதவர்களுக்கு 20 நொடிக் குரல். நோயாளியின் பெயரோ வீட்டு எண்ணோ ஒருநாளும் போடக் கூடாது. பெயர் வந்துவிட்டால் அடுத்த காய்ச்சல்காரர் மறைப்பார், தகவல் அறுந்துவிடும். "மூணாவது தெருவில் ஒரு காய்ச்சல்" என்பதே போதுமானது, ஏனென்றால் இந்தக் கொசு 400 மீட்டரைத் தாண்டிப் பறப்பது அரிது. சுற்றியுள்ள எல்லா வீடும் தொட்டியைத் தேய்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

நாய்க்கடிக்குக் குழுவில் வரும் செய்திகள் "உடனே ஊசி போடுங்கள்" என்பதோடு நின்றுவிடுகின்றன. ஊசிக்கு முன்னால் குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து. காபித்தூள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. தோலில் போடும் ஊசியானால் முதல் நாளிலிருந்து கணக்கிட்டு 0, 3, 7, 28 என்று நாலு தவணை. ரத்தம் வந்த காயத்துக்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்பு மருந்து) தேவை, கேட்டு வாங்குங்கள். மூன்றாவது தவணைக்கும் கடைசிக்கும் நடுவில் மூன்று வாரம் இடைவெளி இருப்பதால் அந்த 28ஆம் நாள்தான் விட்டுப்போகிறது. நாலு தேதியையும் முதல் நாளே காலண்டரில் வட்டமிட்டுக் கொடுக்கும் சுகாதார நிலையமே நல்ல சுகாதார நிலையம்.

இனி மலை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு கதையே வேறு. ஏற்காடு ஒன்றியத்தில் 60க்கும் மேற்பட்ட கிராமங்கள் சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. பல இடங்களில் ஆட்டோ போகாது, போன் சிக்னல் மேட்டுக்கு வந்தால்தான் கிடைக்கும். 2022இல் அரசு தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. மனிதரை இழிவுபடுத்தும் வழக்கம் போனது சரியே. ஆனால் அந்த இடத்தில் என்ன வைப்பது என்பதை ஒவ்வொரு ஊரும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடைப் பக்கத்து ஊர்களுக்கு ஒத்து வருவது மூன்று இடங்கள்: ரேஷன் கடை, வாரச்சந்தை, எஸ்டேட்டில் காலையில் வேலைக்குப் பெயர் எடுக்கும் இடம். கடைசியாகச் சொன்னது மிகச் சிறந்தது. எல்லோரும் ஒரே இடத்தில், அமைதியாக, தன் பெயருக்காகக் காது கொடுத்து நிற்கிறார்கள். பெயர் வாசித்து முடித்ததும் கணக்குப்பிள்ளை இரண்டு வாக்கியம் சொன்னால் அது சாயங்காலம் ஒவ்வொரு லயனுக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) போய்ச் சேர்ந்துவிடும்.

அங்கே சொல்ல வேண்டிய முதல் செய்தி ஸ்க்ரப் டைபஸ். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில், காபிப் பழம் பறிக்கும் நாட்களில், புதருக்குள் புகுந்து வேலை செய்பவர்களைத்தான் இது தேடி வருகிறது. தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்று பெயர் வைத்திருப்பதால் மாட்டுண்ணியும் நாயுண்ணியும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கடிப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிறு பூச்சியின் குஞ்சு. கடித்த இடத்தில் பீடி நுனியால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். அது வலிக்காது, அரிக்காது. அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், அரைஞாண் கயிறும் பாவாடை நாடாவும் இறுகும் இடுப்பு மடிப்பு, இந்த இடங்களில் தேட வேண்டும். ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலும் மண்டையைப் பிளக்கும் தலைவலியும் இருந்தால், டாக்டரிடம் "எஸ்டேட்டில் புதர் வேலை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். டாக்சிசைக்கிளின் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் மாட்டிக்கொள்ளும். வேலை முடிந்து வந்ததும் குளிப்பதும், உடுத்திய துணியைப் படுக்கையில் போடாமல் வெந்நீரில் ஊறவைப்பதும் தடுப்பு.

துணை சுகாதார நிலையத்துக் கரும்பலகையின் மதிப்பு அதில் இருக்கும் தேதியைப் பொறுத்தது. செவ்வாய் கர்ப்பிணிகளுக்கு, புதன் தடுப்பூசிக்கு என்பது நிரந்தர வரி. அதைப் பெயிண்டில் எழுதிவிடலாம். கீழே நாலு வரி சாக்பீஸுக்கு விட வேண்டும்: இந்த வாரம் நர்சம்மா எந்த ஊருக்கு எந்த நாள், இப்போது எந்தக் காய்ச்சல், எந்த ஊசி கையிருப்பில் இல்லை, எழுதிய தேதி. "ஊசி இல்லை" என்று எழுத யாரும் விரும்புவதில்லை. ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து வருபவளுக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வாசலுக்கே வருவதால் இந்த நாலு வரியை அவர்களிடம் வாய்மொழியாகவும் கொடுத்து அனுப்பலாம். ஒரு வேண்டுகோள்: மேடேறி வீட்டுக்குள் நுழைந்ததும் கையை நீட்டி அழுத்தம் பார்க்கச் சொல்லாதீர்கள். 5 நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்த பிறகு பார்த்தால்தான் அந்த எண் உண்மை. மலைச் சேவைகளில் இவர்களுக்கு 5க்கு 4.

தண்ணீர்ச் செய்தியில் கிராமங்கள் மிகவும் பின்தங்கியிருக்கின்றன. "குளோரின் போட்டாச்சு" என்பது செய்தி ஆகாது. எவ்வளவு போட்டார்கள், கடைசிக் குழாயில் எவ்வளவு வந்தது என்பதே செய்தி. 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டினால் கட்டியாக அடியில் தங்கும். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு படியும் வரை விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். மூட்டையின் வாய் திறந்தே கிடந்தால் பவுடர் வீரியம் இழந்துவிடும், மூக்கில் நெடி ஏறாத பவுடருக்கு 120 கிராம் என்ற கணக்கு செல்லாது. குளோரின் குறைவாக வரும் நாளில், குமிழி விட்டு நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் அடுப்பில் விட்டால் குடிக்கலாம். ஏற்காட்டு உயரத்துக்கும் அதுவே போதும்.

சோதனை எளிது. குழாயிலிருந்து பிடித்த தண்ணீரை, குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப்பு என்ற சிறு கருவியின் கண்ணாடிக் குழலில் கோடு வரை நிரப்பி, மருந்துச் சொட்டை விட்டுக் குலுக்கி, பத்து நொடிக்குள் மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு பார்த்தால் நிறம் ஏறி, இல்லாத குளோரின் இருப்பது போலத் தெரியும். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்துவிட்டுத் திரும்புவதும் சரியல்ல. சரிவின் கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அந்த எண்ணையும் தேதியையும் தொட்டியைத் திறந்து விடுபவர் ரேஷன் கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதலாம். ஒரு சிலேட்டுத் துண்டும் அரை நிமிடமும்தான் அதற்கு ஆகும் செலவு.